கணினி அறிவியல் முதுநிலை மாணவர்கள் எந்த உயிரியல் பாடங்களை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி அறிவியலில் முதுநிலையோ முனைவர் பட்டமோ படித்துக்கொண்டே உயிரியல் பக்கம் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரபணுத் தொடர்கள், புரத வடிவங்கள், நுண்ணோக்கிப் படங்கள், நரம்புப் பதிவுகள் என்று ஏதோ ஒரு டேட்டா உங்களை இழுத்திருக்கும். உயிரியலைப் பள்ளியோடு விட்டிருப்பீர்கள். பாடப் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக நீளும். உங்களுக்கு இடமிருப்பதோ இரண்டு மூன்று பாடங்களுக்குத்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது: உயிரியலின் தகவல்களை எப்போது வேண்டுமானாலும் தேடிப் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முடிவை உயிரியலாளர்கள் எப்படி நிறுவுகிறார்கள், எதை ஆதாரமாக ஏற்கிறார்கள் என்பதைத் தனியாகக் கற்பது கடினம். அதைக் கற்றுத்தரும் பாடங்களுக்கு உங்கள் இடங்களைக் கொடுங்கள்.

பள்ளிக்குப் பிறகு உயிரியலே தொடவில்லை. நேராக முதுநிலைப் பாடத்தில் சேரலாமா?

பெரும்பாலும் வேண்டாம். கணினி அறிவியலில் முதுநிலைப் பாடம் என்றால் இளநிலைப் பாடத்தின் ஆழமான வடிவம். கணக்கு பலமாக இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். உயிரியலில் முதுநிலைப் பாடங்கள் பல இடங்களில் குறுகிய தலைப்பில் ஆய்வுக்கட்டுரைகளை வாசித்து விவாதிக்கும் வகுப்புகளாக இருக்கும். அடிப்படை எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் அங்கே பேச்சே தொடங்கும்.

உங்களுக்குத் தேவையான சரக்கு இளநிலை இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் இருக்கிறது. உங்களைவிட வயதில் சிறியவர்களோடு உட்காருவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அந்தப் பாடத்தின் கிரெடிட் உங்கள் பட்டத்துக்குச் சேருமா என்பதை மட்டும் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில துறைகள் இளநிலைப் பாடத்தைக் கணக்கில் எடுக்காது. வேறு சில, கைடு கையெழுத்திட்டால் ஏற்கும்.

முதலாம் ஆண்டு அறிமுகப் பாடத்தை எடுக்கலாமா என்றால், அதை விடுமுறையில் நீங்களே படித்துக்கொள்ளலாம் என்பேன். செல், டிஎன்ஏ, புரதம், செல் பிரிவு, பாரம்பரியம் ஆகிய அத்தியாயங்களைப் பயிற்சிக் கேள்விகளோடு முடித்தால் அடுத்த நிலைக்குப் போதும்.

ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும். எதை எடுக்கட்டும்?

மரபியல். எந்த ஆய்வுத் துறைக்குப் போகிறவர் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மரபியல் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, வெளியே தெரியும் எண்ணிக்கைகளை வைத்து ஊகிக்கும் கலை. மெண்டல் 1866-ல் வெளியிட்ட பட்டாணிச் சோதனைகளில் 3:1 என்ற விகிதத்தைப் பார்த்தார். அதிலிருந்து, ஒவ்வொரு பண்புக்கும் செடி இரண்டு கூறுகளைச் சுமக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். டிஎன்ஏ-வின் வடிவம் தெரிந்தது 1953-ல்தான். ஆக, பொருள் என்னவென்றே தெரியாமல் அதன் விதி முதலில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

1943-ல் லூரியாவும் டெல்புரூக்கும் செய்த சோதனை உங்களுக்கு இன்னும் பிடிக்கும். வைரஸைத் தாங்கும் பாக்டீரியாக்கள், வைரஸைச் சந்தித்த பிறகு மாறுகின்றனவா, அல்லது அதற்கு முன்பே தற்செயலாக மாறிவிட்டவையா? பல குடுவைகளில் தனித்தனியாகப் பாக்டீரியாவை வளர்த்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தப்பிப் பிழைக்கின்றன என்று எண்ணினார்கள். வைரஸ்தான் மாற்றத்தைத் தூண்டுகிறது என்றால் எண்ணிக்கைகள் பாய்சான் பரவலில் அமைய வேண்டும். பரவற்படி, அதாவது எண்ணிக்கைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, சராசரிக்குச் சமமாக இருக்கும். முன்பே நேர்ந்த மாற்றம் என்றால், வளர்ச்சியின் தொடக்கத்திலேயே மாறிய குடுவையில் சந்ததி பெருகிக் குவிந்திருக்கும். பரவற்படி சராசரியைப் பல மடங்கு தாண்டும். வந்தது இரண்டாவது. ஒரு பரவலின் வடிவத்தை மட்டும் வைத்து உயிரியலின் பெரிய கேள்வி ஒன்று தீர்ந்தது.

அப்புறம் ஜேக்கப், மோனோ இருவரும் 1961-ல் விளக்கிய லாக் ஒப்பரான், அதாவது பாக்டீரியாவில் சேர்ந்தே இயங்கும் சர்க்கரை செரிக்கும் மரபணுக்களின் தொகுப்பு. சர்க்கரையைச் செரிக்கும் நொதியைத் தேவையில்லாதபோதும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பழுதுபட்ட பாக்டீரியாக்கள் இருந்தன. பழுது எங்கே? அதே டிஎன்ஏ பகுதியின் நல்ல பிரதி ஒன்றைச் செல்லுக்குள் சேர்த்துப் பார்த்தார்கள். சிலவற்றில் பழுது சரியானது. அப்படியானால் பழுதுபட்டது, செல் முழுக்க உலவி மரபணுவை அடக்கும் ஒரு பொருள். சிலவற்றில் சரியாகவில்லை, அப்படியானால் பழுது, பக்கத்து மரபணுவை மட்டும் கட்டுப்படுத்தும் டிஎன்ஏ இடத்தில். நிரலில் பிழை தேடிப் பழகியவருக்கு இந்தத் தர்க்கம் உடனே பிடிபடும். இந்த மாதிரிச் சிந்தனையை ஒரு செமஸ்டர் முழுக்கப் பழக்குவது மரபியல் வகுப்புதான்.

மூலக்கூறு உயிரியல் இல்லாமல் மரபியல் புரியுமா?

புரியும். பல பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே பாடமாகவே இருக்கும். அப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தனித்தனியாக இருந்தால் மரபியலை வகுப்பில் எடுத்துவிட்டு, மூலக்கூறு உயிரியலின் அடிப்படையை நீங்களே படியுங்கள். மூன்று மூன்று எழுத்துகளாக அமையும் 64 மும்மைக் குறிகளில் 61 குறிகள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மீதி 3 நிறுத்தக் குறிகள் என்பதைப் போன்ற செய்திகள் புத்தகத்திலேயே தெளிவாக இருக்கும். ஒரு மரபணுவுக்கு உள்ளேயே வெட்டி எறியப்படும் பகுதிகள் உண்டு என்பது 1977-ல் தெரியவந்தது. ஒரே மரபணுவிலிருந்து பல புரதங்கள் எப்படி வருகின்றன என்பதற்கு அதுவே வழி. ஆர்என்ஏ டேட்டாவில் வேலை செய்யப்போகிறவர்கள் மட்டும் மூலக்கூறு உயிரியலையும் முழுப் பாடமாக எடுக்க வேண்டும்.

எங்கள் கணினித் துறையிலேயே உயிர்த்தகவலியல் பாடம் இருக்கிறது. அது போதாதா?

நல்ல பாடம், எடுங்கள். ஆனால் உங்கள் உயிரியல் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

1970-ல் வந்த நீடில்மன்–வுன்ஷ் முறை, 1981-ன் ஸ்மித்–வாட்டர்மன் முறை, மறை மார்க்கோவ் மாதிரிகள், டி புரூய்ன் வரைபடங்கள், பரோஸ்–வீலர் உருமாற்றம் என்று போகும் அந்தப் பாடம். டைனமிக் புரோகிராமிங் தெரிந்தவருக்கு இவற்றில் பாதி பழக்கப்பட்டவை. உயிரியல் அங்கே ஏற்கெனவே துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு, நான்கு எழுத்துச் சரமாக உங்கள் முன் வைக்கப்படும். அந்தச் சரம் எப்படி வந்தது, எதில் நம்பலாம், எதில் நம்பக்கூடாது என்ற கேள்வி பெரும்பாலும் எழாது.

ஒரு சின்ன உதாரணம். தொடர் ஒப்பீட்டில் இடைவெளியைத் தொடங்குவதற்கு அதிகத் தண்டமும், நீட்டிப்பதற்குக் குறைந்த தண்டமும் ஏன் வைக்கிறோம்? டிஎன்ஏ-வில் ஒரே நிகழ்வில் பல எழுத்துகள் மொத்தமாகச் சேரவோ விழவோ முடியும் என்பதால். ஓர் அமினோ அமிலம் இன்னொன்றாக மாறுவதற்கு மதிப்பெண் தரும் புளோசம்62 அட்டவணையில் லூசினுக்குப் பதில் ஐசோலூசின் வந்தால் ஏன் +2 மதிப்பெண்? இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள, நீரை விலக்கும் அமினோ அமிலங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தாலும் பெரும்பாலும் புரதம் தாக்குப்பிடிக்கும். இந்தக் காரணங்கள் தெரிந்தால்தான் புதிய பிரச்சினைக்குப் புதிய மதிப்பெண் முறையை உங்களால் வகுக்க முடியும்.

உயிர்வேதியியல் கட்டாயமா? கரிம வேதியியல் முன்தகுதி கேட்கிறார்களே?

புரத வடிவம், மருந்து வடிவமைப்பு, நொதிப் பொறியியல் பக்கம் போகிறவர்களுக்குக் கட்டாயம். மரபணுத் தொடர் டேட்டாவோடு நிற்பவர்களுக்கு அவசியமில்லை. ஹைட்ரஜன் பிணைப்பு, நீர்விலக்கம், மின்னூட்டம், 1913-ல் மைக்கேலிஸும் மென்டனும் தந்த நொதி வேகச் சமன்பாடு ஆகியவை தெரிந்தால் சமாளிக்கலாம்.

முன்தகுதி விஷயத்தில் மிரள வேண்டாம். கரிம வேதியியலை இரண்டு செமஸ்டர் படித்துவிட்டு வருவதற்கு உங்களுக்கு நேரம் இருக்காது. மருந்து மூலக்கூறுகளையே வடிவமைப்பவர் தவிர மற்றவர்களுக்கு அது தேவையும் இல்லை. கட்டமைப்பு உயிரியல், உயிர் இயற்பியல் என்ற பெயர்களில் பாடம் இருக்கிறதா பாருங்கள். அவை இயற்பியலையும் கணக்கையும் எதிர்பார்க்கும். உங்களுக்கு அது வசதி.

புரதத்தின் வடிவத்தை அதன் தொடரிலிருந்து கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டைப் பார்த்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் நிறைய. 2020-ல் நடந்த 14-வது காஸ்ப் என்ற புரத வடிவக் கணிப்புப் போட்டியில் அது பெற்ற வெற்றியும், 2024-ன் வேதியியல் நோபல் பரிசும் தெரிந்த கதை. அந்த மாடல் கற்றது 1971-ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த வடிவங்களிலிருந்து. பல உயிரினங்களின் ஒத்த தொடர்களை அடுக்கிப் பார்த்தால், தொடரில் தூரமாக இருக்கும் இரண்டு இடங்கள் ஒன்றாகச் சேர்ந்து மாறியிருப்பது தெரியும். மடிந்த புரதத்தில் அவை தொட்டுக்கொண்டிருக்கலாம் என்பதற்கு அது தடயம். உயிர்வேதியியலும் பரிணாமமும் தெரியாமல் அந்த மாடலின் உள்ளீடு ஏன் அப்படி இருக்கிறது என்பதே விளங்காது.

பரிணாமவியல் எடுப்பது ஆடம்பரம் இல்லையா?

இல்லவே இல்லை. மரபியலுக்கு அடுத்த இடத்தை இதற்குத்தான் கொடுப்பேன். உயிரியல் டேட்டாவில் எந்த இரண்டு மாதிரிகளும் முழுதாகச் சுதந்திரமானவை அல்ல. எல்லாம் ஏதோ ஒரு மூதாதையில் போய்ச் சேர்கின்றன. புள்ளியியல் வகுப்பில் நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அனுமானம் இங்கே முதல் வரியிலேயே உடைந்துவிடுகிறது.

கணக்கு பிடித்தவர்கள் இதில் மக்கள்தொகை மரபியலைத் தேர்ந்தெடுங்கள். கிமுரா 1968-ல் முன்வைத்த நடுநிலைக் கோட்பாடு, மூலக்கூறு அளவில் நிகழும் மாற்றங்களில் பெரும்பகுதி நன்மையும் தீமையும் அற்றவை, தற்செயலாகவே நிலைபெறுகின்றன என்றது. இன்றைக்கும் இயற்கைத் தேர்வைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அதையே அடிநிலைக் கருதுகோளாக வைத்து ஒப்பிடுகிறோம். 1982-ல் கிங்மன் தந்த ஒருங்கிணைவு மாதிரி, காலத்தில் பின்னோக்கிப் போய் வம்சாவளிகள் இணைவதைக் கணக்கிடுகிறது. நிகழ்தகவு தெரிந்தவருக்கு விருந்து. இனங்களின் உறவைக் காட்டும் மரம் கட்டும் பகுதியும் உங்களுக்குச் சுவையாக இருக்கும்: வெறும் 10 இனங்களுக்கு 20,27,025 வேரற்ற மரங்கள் சாத்தியம். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் வழி ஏன் அடைபடுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் மெஷின் லேர்னிங் மட்டும் செய்யப்போகிறேன். டேட்டா தயாராகவே வருகிறது. உயிரியல் எதற்கு?

தயாராக வரும் டேட்டாவில்தான் ஆபத்து அதிகம். புரதங்களைத் தற்செயலாகப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஒத்த புரதங்கள் இரண்டு பக்கமும் போய்விடும். மாடல் நெருங்கிய உறவினரை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும். புதிய குடும்பத்தில் விழுந்துவிடும். எப்படிப் பிரிப்பது என்பது உயிரியல் கேள்வி.

இன்னொன்று, லேபிள் எங்கிருந்து வந்தது என்பது. மரபணுக்களின் வேலையைக் குறிக்கும் ஜீன் ஆன்டாலஜி குறிப்புகளில் கணிசமானவை தொடர் ஒற்றுமையை வைத்தே ஊகிக்கப்பட்டவை. அவற்றை உண்மை லேபிளாக வைத்து, தொடரிலிருந்து வேலையைக் கணிக்கும் மாடலைச் சோதித்தால், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறீர்கள். ஒவ்வொரு குறிப்போடும் ஆதாரக் குறியீடு இருக்கும். சோதனையில் தெரிந்ததா, ஊகமா என்று அது சொல்லும். அதைப் பார்க்க வேண்டும் என்று உயிரியல் தெரிந்தவருக்கு உடனே தோன்றும்.

சாதாரணத் தொல்லைகளும் உண்டு. 'மார்ச்1', 'செப்ட்2' என்று வாசிக்கப்படும் மரபணுப் பெயர்களை விரிதாள் மென்பொருள் தேதியாக மாற்றிவிடும். கடைசியில் மனித மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றியது. பழைய கோப்புகளில் இன்னும் தேதிகள் உட்கார்ந்திருக்கும்.

புள்ளியியல் படித்திருக்கிறேன். உயிர்ப்புள்ளியியல் தனியாக வேண்டுமா?

சோதனை வடிவமைப்பைச் சேர்த்து நடத்தும் பாடமாக இருந்தால் எடுங்கள். வெறும் டி-சோதனை, அனோவா என்று போகும் பாடமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பல சோதனைச் சிக்கல் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மனிதனின் சுமார் 20,000 புரத மரபணுக்களையும் 0.05 என்ற எல்லையில் சோதித்தால், எதுவுமே நடக்காதபோதும் 1,000 மரபணுக்கள் "முக்கியமானவை" என்று வந்து நிற்கும். டிஎன்ஏ வேறுபாடுகளுக்கும் நோய் போன்ற பண்புகளுக்கும் தொடர்பு தேடும் மரபணுத்தொகுதி அளவிலான தொடர்பாய்வுகளில் 5 × 10⁻⁸ என்ற எல்லை வழக்கமானதற்கும் காரணம் இதுவே, 0.05-ஐ ஏறத்தாழ 10 லட்சம் சுதந்திரமான சோதனைகளால் வகுத்த எண் அது.

தெரியாமல் இருப்பது பெரும்பாலும் தொகுப்பு விளைவு. நோயாளிகளின் மாதிரிகளை எல்லாம் ஒரு நாளிலும், நலமானவர்களின் மாதிரிகளை எல்லாம் வேறொரு நாளிலும் இயந்திரத்தில் ஏற்றினால், நோயின் விளைவையும் நாளின் விளைவையும் எந்த அல்காரிதத்தாலும் பிரிக்க முடியாது. மனித, எலி திசுக்களை ஒப்பிட்டு 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாதிரிகள் திசுவாரியாகச் சேராமல் இனவாரியாகச் சேர்ந்தன. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் அதே டேட்டாவை எடுத்துப் பார்த்தபோது, மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனித் தொகுப்புகளாக இயந்திரத்தில் ஓடியிருந்தது தெரிந்தது. அதைத் திருத்திப் பகுத்தால் மாதிரிகள் திசுவாரியாகக் கூடின. டேட்டாவைத் தொடும் முன் "எப்போது, எந்த இயந்திரத்தில், எந்த வரிசையில்?" என்று கேட்கும் பழக்கத்தை நல்ல சோதனை வடிவமைப்புப் பாடம் உண்டாக்கிவிடும்.

லேப் பாடம் எடுக்க வேண்டுமா? வாழ்க்கையில் பைப்பெட்டே பிடிக்கப் போவதில்லையே.

ஒன்று எடுங்கள். சமையல் செய்தே பார்க்காதவர் சாப்பாட்டில் உப்பு ஏன் கூடியது என்று ஊகிப்பது மாதிரிதான், டேட்டா உருவாவதைப் பார்க்காமல் அதன் பிழைகளை ஊகிப்பது.

டிஎன்ஏ-வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிக்கிறது. 30 சுற்றில் ஒரு மூலக்கூறு கொள்கையளவில் 107 கோடிப் பிரதிகளாகும். முதல் சில சுற்றுகளில் நகலெடுப்பில் ஒரு பிழை விழுந்தால் அது பிரதிகளில் கணிசமான பங்கில் உட்கார்ந்துவிடும். ஜி, சி எழுத்துகள் மிகுந்த பகுதிகள் சரியாகப் பெருகாமல் போகும். பிறகு உங்கள் கோப்பில் அதே தொடர் பலமுறை வந்து நிற்கும்போது, அது உண்மையான மிகுதியா, பிரதியெடுத்ததன் விளைவா என்று நீங்களாகவே கேட்பீர்கள்.

லேப் பாடம் வாரத்துக்கு ஒரு முழுப் பிற்பகலையாவது தின்னும். அந்த அளவு நேரம் இல்லையென்றால், கூட்டாய்வு செய்யும் ஆய்வகத்தில் ஒரு சோதனையை மாதிரி எடுப்பது முதல் டேட்டா கோப்பு வருவது வரை பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலான ஆய்வகங்கள் மகிழ்ச்சியோடு அனுமதிக்கும்.

என் ஆய்வுத் துறைக்கு எந்தப் பாடங்கள் என்று நேராகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், உங்கள் கைடின் கருத்தையும் கேட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மரபணுத்தொகுதி என்றால் மரபியல், மக்கள்தொகை மரபியல், நேரம் இருந்தால் மரபணுக் கட்டுப்பாடு. புற்றுநோய் டேட்டா என்றால் இதோடு செல் உயிரியலும் சேரும். புரதம் என்றால் உயிர்வேதியியலும் கட்டமைப்பு உயிரியலும்.

நுண்ணோக்கிப் படங்கள் என்றால் செல் உயிரியலோடு, நுண்ணோக்கியியல் பற்றிய குறும்பாடம் ஏதாவது இருந்தால் விடாதீர்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. உங்கள் நெட்வொர்க் அதைவிட நுணுக்கமாக எதையாவது "பார்த்தால்" சந்தேகப்பட வேண்டும். மருத்துவப் படங்கள் என்றால் உடற்கூறியலும் நோயியலும்.

நரம்பியலில் ஒரு எச்சரிக்கை. மூளையும் மனமும் என்ற வகையிலான பொது அறிமுகப் பாடங்கள் ரசமாக இருக்கும், ஆனால் டேட்டாவோடு வேலை செய்ய உதவாது. செல் அளவு நரம்பியலை எடுங்கள். கணவாயின் பெரிய நரம்பிழையில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் செய்த அளவீடுகளும் 1952-ல் அதற்கு அவர்கள் தந்த சமன்பாடுகளும், சோதனையும் மாடலும் எப்படிக் கைகோக்க வேண்டும் என்பதற்கு இன்றும் சிறந்த பாடம்.

அமைப்பு உயிரியல் (சிஸ்டம்ஸ் பயாலஜி) பக்கம் ஆர்வமா? வளர்ச்சி உயிரியல் எடுத்துப் பாருங்கள். டூரிங் 1952-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை உயிரின் உருவமைப்பு பற்றியது. பரவிக்கொண்டே வினைபுரியும் இரண்டு வேதிப்பொருள்களிலிருந்து புள்ளிகளும் கோடுகளும் தாமே தோன்ற முடியும் என்று அதில் காட்டினார். கணினித் துறையிலிருந்து உயிரியலுக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய முன்னோடி கிடையாது.

உயிரியல் என்றாலே மனப்பாடமாமே?

கொஞ்சம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். முதல் இரண்டு மாதம் சொற்கள் மழையாகக் கொட்டும். தினமும் சிறிது நேரம் அட்டை வைத்துப் படித்தால் கடந்துவிடலாம். அதைவிடக் கடினம், விதிவிலக்குகளோடு வாழப் பழகுவது. மரபுக் குறியீடு எல்லா உயிர்களுக்கும் பொது என்று படிப்போம். ஆனால் நம் செல்களிலேயே மைட்டோகாண்ட்ரியாவுக்குள், வழக்கமாக நிறுத்தக் குறியான யுஜிஏ, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. ஒரு விதியைக் கேட்டவுடன் "எங்கே இது பொருந்தாது?" என்றும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடம் நல்ல பாடமா என்று சேரும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. "பின்வரும் படிநிலைகளைப் பட்டியலிடுக" என்ற கேள்விகளே நிறைந்திருந்தால் வேறு பாடம் தேடுங்கள். "இந்தச் சோதனையின் முடிவு இப்படி வந்தது, எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்ய முடியாது?" என்ற கேள்விகள் இருந்தால் உடனே சேருங்கள்.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதத் தயங்காதீர்கள். என்ன படித்திருக்கிறீர்கள், எந்த டேட்டாவில் வேலை செய்யப்போகிறீர்கள், எந்த முன்தகுதி உங்களிடம் இல்லை என்று சுருக்கமாக எழுதி, சேரலாமா என்று கேளுங்கள். முன்தகுதியைத் தளர்த்தும் அதிகாரம் பல இடங்களில் அவர் கையில்தான் இருக்கும். வேறு துறையிலிருந்து ஆர்வத்தோடு வரும் மாணவரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் குறைவு.

கிரெடிட்டுக்கு எடுப்பதா, ஆடிட் செய்வதா?

முதல் பாடத்தைக் கிரெடிட்டுக்கு எடுங்கள். ஆடிட் செய்யும், அதாவது மதிப்பெண் இல்லாமல் வகுப்பில் மட்டும் உட்காரும் பாடத்தில் வீட்டுப்பாடம் செய்ய மாட்டோம். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் கெடு வந்ததும் வகுப்புக்கும் போக மாட்டோம். மரபியல் மாதிரியான பாடம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். தேர்ச்சி–தோல்வி முறையில் எடுக்க வழியிருந்தால் அதுவே சிறந்தது. மதிப்பெண் பயமும் இல்லை, வேலையும் நடக்கும். இரண்டாவது, மூன்றாவது பாடங்களை ஆடிட் செய்வதில் தவறில்லை.

இணையப் பாடங்கள் மட்டும் போதாதா?

அடிப்படைக்குப் போதும். எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் அறிமுக உயிரியலின் விரிவுரைகளும் பயிற்சிக் கேள்விகளும் இலவசமாக இருக்கின்றன. ரோசலிண்ட் தளத்தில் நிரல் எழுதிக்கொண்டே உயிர்த்தகவலியல் பழகலாம். வகுப்பில் மட்டும் கிடைப்பது ஆட்கள். பக்கத்து இருக்கையில் இருக்கும் உயிரியல் மாணவருக்கு பைத்தானில் உதவி தேவைப்படும். உங்களுக்கு ஜெல் படத்தை வாசிக்கத் தெரியாது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் தொடங்கிக் கூட்டு ஆய்வுக்கட்டுரை வரை போனவர்கள் உண்டு.

கைடு "நேர விரயம்" என்கிறார். என்ன செய்வது?

பொதுவாக வாதாடாதீர்கள். உங்கள் குழுவின் டேட்டாவில் விளங்காமல் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட விஷயத்தை எடுங்கள்: ஏன் இந்த மரபணுக்கள் மட்டும் எல்லா மாதிரிகளிலும் தாறுமாறாக வருகின்றன, ஏன் நம் மாடல் அந்த இனத்தில் மட்டும் தோற்கிறது என்பது மாதிரி. அதற்குப் பதில் தேடத்தான் இந்தப் பாடம் என்று பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்படியும் மறுத்தால், விடுமுறைக் காலத்தில் நடக்கும் குறும்பாடத்தையோ, உயிரியல் துறையின் வாராந்திரக் கட்டுரை வாசிப்பு வட்டத்தையோ கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை மறுப்பது கடினம்.

எந்த வரிசையில், எப்போது எடுப்பது?

மரபியலை முதல் ஆண்டிலேயே, ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யும் முன் எடுங்கள். எந்தக் கேள்வி உங்களுக்குப் பிடிக்கிறது என்று அதில் தெரியும். மற்றவற்றைத் தலைப்பு அமைந்த பிறகு தேர்ந்தெடுங்கள். புராஜெக்ட் நிறைந்த இரண்டு கணினிப் பாடங்கள் ஓடும் செமஸ்டரில் லேப் பாடத்தைச் சேர்க்காதீர்கள். ஒரே செமஸ்டரில் இரண்டு உயிரியல் பாடங்களும் வேண்டாம். புதிய சொற்களே உங்களை மூழ்கடித்துவிடும்.

எனக்குப் போதுமான உயிரியல் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் துறையில் சோதனை சார்ந்த ஆய்வுக்கட்டுரை ஒன்றை எடுங்கள். ஆசிரியர்களின் விளக்கத்தை மூடிவைத்துவிட்டு, படங்களையும் அவற்றின் குறிப்புகளையும் மட்டும் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் கட்டுப்பாட்டு மாதிரி எது, அது எந்த மாற்று விளக்கத்தை அடைக்கிறது, இன்னும் அடைபடாத விளக்கம் எது என்று எழுதுங்கள். பிறகு முடிவுரையைத் திறந்து ஒப்பிடுங்கள். நீங்கள் எழுதிய அடைபடாத விளக்கத்தை அவர்களும் பேசியிருந்தால், அல்லது அவர்கள் விட்டுவிட்டதை ஓர் உயிரியல் நண்பர் "சரியான கேள்விதான்" என்று ஒப்புக்கொண்டால், அடுத்த பாடத்தைத் தேடாமல் ஆய்வைத் தொடங்கலாம்.